பிடிவீரர் வளரும் வழி

மட்டக்களப்பு நகரின் அயலில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் அமைந்திருப்பது அமிர்தகழி. ஆடி அமாவாசையன்று மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தக் குளத்தில் நீராட அடியார்கள் பல ஊர்களிலிருந்தும் திரள்வதனால், ஈழத் தமிழர் பலருக்கும் அறிமுகமான ஊர் அது. திருவிழாக் கூட்டம் கலைந்த ஏனைய நாட்களில் இத்தகைய வாவிக்கரை ஊர்களின் மாலைப் பொழுது சிறுவர்களுக்கே உரியது. வெயில் தாழ்ந்ததும் மணலில் கோடு கீறி, இரு பக்கமாகப் பிரிந்து, அவர்கள் கபடி ஆடுவர். முதியோர் அதனைச் சடுகுடு என்பர். ஒருவன் மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் புகுவான். மற்றையோர் அவனை எதிர்கொண்டு நிற்பர். பார்ப்போர் கண்கள் பாடிச் செல்பவனையே பின்தொடரும். அவன் ஒருவனைத் தொட்டு மீண்டால் ஆரவாரம் எழும். ஓரத்தில் அசையாது நின்று, தக்க கணத்தில் அவன் கணுக்காலைப் பற்றி வீழ்த்திய சிறுவனைப் பெயர் சொல்லி வியப்போர் சிலரே.

அச்சிறுவனின் கைவன்மையும் கண்கூர்மையும் ஆசிரியர்க்கு மகிழ்ச்சி தருவன. வீட்டிலோ அவை கவலையை உண்டாக்குகின்றன. வாவியில் வலை வீசியும், கூலிவேலை செய்தும், சிறு கடை நடத்தியும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர், "விளையாட்டுச் சோறு போடுமா?" என்று வினவுகின்றனர். நெடுங்காலமாக இவ்வினாவுக்கு "இல்லை" என்னும் ஒரு சொல்லே விடையாக இருந்தது. 2014 ஆம் ஆண்டு இந்தியாவில் புரோ கபடி லீக் என்னும் தொழில்முறைப் போட்டித் தொடர் தொடங்கிய பின்னர் அந்த விடை அவ்வளவு எளிதாக இல்லை. கபடி வீரர் ஒருவர் ஏலத்தில் ஒரு கோடி ரூபாவுக்கு மேல் பெற்றார் என்னும் செய்தி, கைத்தொலைபேசி வழியாக வீட்டு வாயிலுக்கே வந்துவிடுகிறது. அதனைக் கேட்ட மாணவன் ஒருவன், பதினாறாம் வயதிலே புத்தகத்தை மூடிவைத்துக் களமே கதியென்று இருந்துவிட எண்ணுதல் கூடும். மெய்யாகவே ஆற்றல் படைத்த மற்றொரு மாணவனைப் பெற்றோர் அச்சத்தினாற் களத்திற்குப் போகவொட்டாது தடுத்தலும் கூடும். இரண்டும் இழப்பே. ஆகவே, பிடிவீரர் ஒருவர் பள்ளிப் பருவத்திலிருந்து தொழில்முறை ஆட்டம் வரை ஏறிச் செல்லும் படிகள் யாவை, அவற்றில் எத்தகையோர் ஏறுகின்றனர் என்பதை உள்ளவாறு அறிந்துகொள்ளுதல் பயனுடையது.

முதற்கண் ஆட்டத்தின் இயல்பை நோக்குதல் தகும். ஆடவர்க்குரிய கபடிக் களம் 13 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் உடையது. நடுக்கோடு அதனை இரண்டாகப் பிரிக்கும். ஓர் அணிக்குக் களத்தில் நிற்போர் எழுவர். ஆட்டம் இருபது நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக நடைபெறும். ஓர் அணியிலிருந்து ஒருவர் இடையறாது "கபடி, கபடி" என்று பாடிக்கொண்டு எதிரணியின் பகுதிக்குட் புகுந்து, எவரையேனும் தொட்டுவிட்டு, 30 விநாடிக்குள் நடுக்கோட்டுக்கு மீளவேண்டும். அவர் தொட்டவர்கள் வெளியேறுவர். தலைக்கு ஒரு புள்ளி அவருடைய அணிக்குச் சேரும். அவரை மீளவிடாது பிடித்துவிட்டால், அவர் வெளியேறுவார். பிடித்த அணிக்கு ஒரு புள்ளி. களத்தில் மூவரோ அதனினும் குறைந்தவரோ எஞ்சி நிற்கும்போது அவ்வாறு பிடித்தால், தொழில்முறைத் தொடரில் இரண்டு புள்ளிகள் வழங்கப்படும்.

இக்கணக்கைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பாடி வருபவர் ஒரே மூச்சில் இருவரையோ மூவரையோ தொட்டுப் பல புள்ளிகளைத் திரட்டலாம். பிடிப்பவர்க்கு ஒரு முறைக்குக் கிட்டுவது பெரும்பாலும் ஒரு புள்ளியே. அதுவும் பலர் சேர்ந்து ஈட்டியது. தொழில்முறைத் தொடரில், பாடி வருபவர் ஓர் ஆட்டத்திற் பத்துப் புள்ளிகள் பெற்றால் அதனைச் சிறந்த ஆட்டமெனக் குறிப்பர். பிடிப்பவர் ஐந்து பெற்றாலே அவ்வாறு குறிப்பர். எனினும், ஒரு நல்ல பிடியின் பயன் அந்த ஒரு புள்ளியோடு முடிவதில்லை. அது எதிரணியின் சிறந்த வீரரை வெளியே அமரச் செய்கிறது. முன்னர் வெளியேறியிருந்த தம்மவர் ஒருவரையும் மீண்டும் உள்ளே அழைத்துக்கொள்கிறது. எதிரணியின் தலைசிறந்த வீரர் சில நிமிடங்கள் வெளியே இருக்க நேர்ந்தால், அந்தச் சில நிமிடங்களிலேயே வெற்றி தோல்வி தீர்ந்துவிடுதலும் உண்டு.

பிடிக்க நிற்கும் எழுவரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இரு ஓரங்களிலும் பின்தள்ளி நிற்போர் மூலைக்காரர். இவர்களைக் கோர்னர் என்று வழங்குவர். பாடி வருபவர் மேலதிகப் புள்ளிக்காகப் பின்பக்கத்துக் கோட்டை நோக்கிக் காலை நீட்டும்போது, அக்காலின் கணுவைப் பற்றுதலும், திரும்பி ஓடும்போது தொடையை அணைத்துப் பிடித்தலும் அவர்களுடைய தொழில். உட்பக்கத்தில் நிற்கும் கவர் எனப்படுவோர், பாடி வருபவர் மீளும் வழியைக் குறுக்கே மறிப்பர். அல்லது முழு உடலாலும் மோதி அவரை எல்லைக்கு அப்பாற் தள்ளுவர். இருவர் கைகோத்துச் சங்கிலியாக நின்று மடக்குதலும் உண்டு. ஒருவர் பற்றியதும் ஏனையோர் கணமும் தாழாது வந்து அணைத்துக்கொள்ள வேண்டும். தாழ்ந்தால், பற்றியவரையும் இழுத்துக்கொண்டு பாடி வந்தவர் கோட்டைத் தொட்டுவிடுவார். மட்டக்களப்பு நாட்டிலே கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டில், வடசேரி, தென்சேரி என ஊர் இரண்டாகப் பிரிந்து ஒன்றுபட்டு இழுத்த வழக்கத்தை அறிந்தோர்க்கு இக்கூட்டு முயற்சியின் தன்மையை விளக்கவேண்டுவதில்லை.

பிடிவீரர்க்கு வேண்டிய தலையாய பண்பு பொறுமை. பாடி வருபவர் தாம் செல்லும் திசையைத் தாமே தெரிந்தெடுக்கிறார். பிடிப்பவர் அதனை ஊகித்தறிய வேண்டியவர். அவசரப்பட்டு முந்திப் பாய்பவர் எதிரணிக்குப் புள்ளியைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்தவராவார். ஆகவே, அனுபவமுள்ள பயிற்றுநர் இளைஞர்க்கு முதலிற் கற்பிப்பது, பாடி வருபவரின் முகத்தை நோக்காது காலை நோக்குக என்பதையே. கண்ணாலும் கையாலும் ஏமாற்றலாம். உடலின் பாரத்தைத் தாங்கி நிற்கும் காலால் ஏமாற்றுதல் அரிது. இன்னும், இரண்டு முறை தொடர்ந்து புள்ளியின்றி மீண்ட அணி, மூன்றாம் முறை புள்ளி பெற்றே ஆகவேண்டும் என்னும் விதியும் இன்றைய ஆட்டத்தில் உண்டு. எப்போது ஒதுங்கி நிற்கவேண்டும், எப்போது துணிந்து பாயவேண்டும் என்னும் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டே பிடிவீரர் நிற்கிறார். வேகம் இளமையில் வந்துவிடும். இந்தக் கணக்கு ஆண்டுகள் பல ஆடிய பின்னரே கைவருவது.

இதற்குச் சான்றாக விளங்குபவர் தமிழகத்துத் தர்மராஜ் சேரலாதன். சேரலாதன் என்பது சங்க காலச் சேர வேந்தர் தாங்கிய பெயர். அப்பெயர் தாங்கிய இவ்வீரர் 1975 இல் தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். தொழில்முறைத் தொடர் 2014 இல் தொடங்கியபோது அவருக்கு வயது 39. வேறு பல விளையாட்டுகளில் அவ்வயதினர் களத்தை விட்டு விலகிப் பயிற்றுநராகி இருப்பர். அவரோ அப்போதுதான் அத்தொடரிற் காலடி வைத்தார். 2016 ஆம் ஆண்டு பட்னா அணிக்குத் தலைவராக நின்று, அவ்வாண்டு யூலை 31 ஆம் நாள் ஹைதராபாத்தில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூர் அணியை 37 இற்கு 29 என்ற புள்ளிக் கணக்கில் வென்று கிண்ணத்தைப் பெற்றார். அதே ஆண்டு ஒக்டோபரில் அகமதாபாத்தில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் இந்திய அணியில் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது 41. ஈரானுக்கு எதிரான இறுதியாட்டத்தின் முதற் பாதியிற் பின்தங்கியிருந்த இந்தியா, இறுதியில் 38 இற்கு 29 என வென்றது. பின்னர்ப் புனே, மும்பை அணிகளில் ஆடி, 2019 இல் அரியானா அணிக்குத் தலைவராக அமர்ந்தபோது அவர் 44 வயதினர். தம் வயதிற் பாதியளவே ஆன இளைஞர் பாடி வர, அவர்களைப் பிடித்து நிறுத்திய அவரைச் சக வீரர்கள் "அண்ணா" என்றே அழைத்தனர்.

சேரலாதனின் வரலாற்றைக் கேட்போர் வியந்து பாராட்டுவதோடு நில்லாது, மற்றொரு வினாவையும் எழுப்புதல் வேண்டும். 2014 இற்கு முன்னர் தொழில்முறைத் தொடரே இல்லை. அவ்வாறாயின் அவர் தலைமுறையினர் இருபது ஆண்டுகள் எதனைக் கொண்டு வாழ்ந்து ஆடினர்? இதற்கு விடை இந்தியாவில் நிலவும் வேலை ஒதுக்கீட்டு முறையில் உள்ளது. இரயில்வே, காவல் துறை, இராணுவம், வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியன விளையாட்டு வீரர்க்கென இடங்களை ஒதுக்கி, அவர்களைக் கொண்டு தத்தம் அணிகளை அமைத்தன. ஊர்க் கழகத்தின் மண் தரையில் ஆடிப் பெயர் பெற்ற இளைஞர், மாவட்ட அணிக்கும் மாநில அணிக்கும் தெரிவாகி, அந்தச் சான்றிதழைக் கொண்டு உத்தியோகம் பெறுவார். மாதச் சம்பளம் வீட்டைக் காக்கும்; மாலையில் ஆட்டம் நடக்கும். அந்த உத்தியோகத்துக்கும் ஒரு குறைந்தபட்சக் கல்வித் தகைமை வேண்டப்பட்டது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர் எத்துணைச் சிறந்த பிடிவீரராயினும் அவ்வாயிலில் இடர்ப்பட நேர்ந்தது. தொலைக்காட்சியில் தெரியும் கோடிகளுக்குப் பின்னால், இவ்வாறு மாதச் சம்பளத்தில் ஆடிய ஒரு தலைமுறை இருந்தது என்பதை மறத்தலாகாது.

தொழில்முறைத் தொடர் இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. 2014 ஆம் ஆண்டு முதலாவது ஏலத்தில் மிக உயர்ந்த விலை 12 இலட்சத்து 80 ஆயிரம் இந்திய ரூபாவாக இருந்தது. நான்கே ஆண்டுகளில், 2018 இல், ஒரு கோடி ரூபா என்னும் எல்லை எட்டப்பட்டது. அதனை முதன்முதல் எட்டியவர் பாடிச் செல்லும் வீரரல்லர்; ஈரான் நாட்டு மூலைக்காரரான பாசல் அத்ராச்சாலி என்பது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், 1990 முதல் ஏழு முறை தொடர்ந்து தங்கம் வென்றிருந்த இந்திய ஆடவர் அணியை, ஈரான் அரையிறுதியில் 27 இற்கு 18 எனத் தோற்கடித்துத் தங்கத்தையும் வென்றது. பிடியின் பெருமையை உலகம் உணர்ந்த ஆண்டு அதுவெனலாம். 2023 இல் ஈரானியரான முகமதுரேசா சாட்லூயி 2 கோடியே 35 இலட்சம் ரூபாவுக்கு ஏலம் போனார். இலங்கை வீரர் சிலரும் இந்த ஏலங்களில் இடம்பெற்றுள்ளனர். ஆயினும் இவை உச்சியில் நிற்கும் ஒரு சிலரின் கணக்கு. தொடரிலுள்ள அணிகள் 12. அவற்றில் அயல்நாட்டவர்க்குரிய இடங்கள் மிகச் சில. உச்சியின் உயரத்தை மட்டும் கண்டு ஏணியின் நீளத்தை மறந்துவிடுதல் பெரும் பிழை.

விளையாட்டைத் தொழிலாக்கும் முறையை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கையாண்டு வரும் நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே பிடிவீரர் எவ்வாறு உருவாகிறார் என்பதை அறிதல், நம் ஏணியின் குறைநிறைகளை அளந்தறிய உதவும். அந்நாட்டு மக்கள் பெரிதும் விரும்பும் ஆட்டம் அமெரிக்கக் காற்பந்து. பெயரிற் கால் இருப்பினும், முட்டை வடிவான அப்பந்தைக் கையில் ஏந்தி ஓடுதலும் எறிந்து பிடித்தலுமே அதில் மிகுதி. களத்தில் அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி, நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிட்டும். பந்தை ஏந்தியவரைப் பற்றி வீழ்த்துதல் எதிரணியின் கடமை. கபடியில் ஒருவரே பாடியும் செல்லலாம், பிடித்தும் ஆடலாம். அங்கே முன்னேறும் பதினொருவர் வேறு, தடுக்கும் பதினொருவர் வேறு. ஆகவே தடுத்தலும் பிடித்தலும் அங்கே தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளன. பந்தேந்தி ஓடி வருபவரின் கண்களை நோக்காது இடுப்பை நோக்குக என்று அந்நாட்டுப் பயிற்றுநர் கற்பிப்பர். தஞ்சைக் கிராமத்துப் பயிற்றுநர் காலை நோக்கச் சொல்வதும் அவர் இடுப்பை நோக்கச் சொல்வதும் ஒரே அறிவின் இரு வடிவங்களே.

அந்த ஆட்டத்தில் தடுப்பு வீரராக உயர்ந்தவருள், தந்தை வழியில் இந்திய வம்சத்தவரான பிராண்டன் சில்லரும் ஒருவர். சில்லர் என்பது டில்லி, அரியானாப் பகுதிகளில் வழங்கும் குடிப்பெயர். 2016 இல் சேரலாதனுடன் உலகக் கிண்ணம் வென்ற அணியிலேயே மஞ்சித் சில்லர், மோகித் சில்லர் என அப்பெயருடையோர் இருவர் இருந்தனர். பிராண்டன் சில்லர் 1982 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்து, கலிபோர்ணியாவின் கார்ல்ஸ்பாட் உயர்பள்ளியில் ஆடிப் பெயர் பெற்றார். அதன் பயனாகக் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் இடம் பெற்று, அங்கே கற்றவாறே பல்கலைக்கழக அணியில் ஆடினார். 2004 இல் நடைபெற்ற ஆண்டுத் தெரிவில், நான்காம் சுற்றில், 130 ஆவது ஆளாகச் சென். லூயிஸ் அணியினர் அவரைத் தெரிந்தெடுத்தனர். முன்வரிசைக்குச் சற்றுப் பின்னே நின்று, ஓடி வருபவரை மடக்கும் லைன்பேக்கர் என்னும் இடம் அவருடையது. 2008 இல் கிரீன் பே அணிக்கு மாறினார். அவ்வணி 2011 பெப்ரவரியில் 31 இற்கு 25 என்ற கணக்கில் மாபெரும் இறுதியாட்டத்தை வென்றபோது, காயத்தின் காரணமாக அவர் களத்திற்கு வெளியே இருந்தார். அதன் பின்னர் அவ்வணியில் அவருக்கு இடமிருக்கவில்லை. ஏழு பருவங்களில் அவருடைய தொழில்முறை ஆட்டம் நிறைவுற்றது. அந்நாட்டு அளவில் ஏழு பருவம் நீண்டதே. தொழில்முறைக் காற்பந்து வீரரின் ஆட்டக் காலம் சராசரியாக மூன்று ஆண்டளவு என்றே அந்நாட்டு வீரர் சங்கம் கூறும்.

அவர் ஏறிய ஏணியின் அமைப்பு கருதத்தக்கது. முதற்படி உயர்பள்ளி. அமெரிக்கப் பள்ளிகளில் இவ்வாட்டம் ஆடும் மாணவர் ஏறத்தாழ 10 இலட்சம் பேர். இரண்டாம் படி பல்கலைக்கழகம். சிறந்தோர்க்கு அது புலமைப்பரிசில் அளித்துக் கல்விச் செலவை ஏற்கும்; ஆனால், படிப்பில் வகுக்கப்பட்ட தரத்தை எட்டாத மாணவர் களத்தில் இறங்குதல் கூடாது. உயர்பள்ளியை விட்டு மூன்று ஆண்டுகள் கழியாமல் எவரும் தொழில்முறைத் தெரிவுக்கு வரவும் இயலாது. மூன்றாம் படி அத்தெரிவு. ஏழு சுற்றுகளில் 32 அணிகளும் சேர்ந்து ஆண்டுதோறும் தெரிந்தெடுப்போர் ஏறத்தாழ 250 பேர். பல்கலைக்கழகத்தில் ஆடுவோருள் நூற்றுக்கு இருவரினும் குறைந்தவரே தொழில்முறை ஆட்டத்தை எட்டுகின்றனர். எஞ்சிய தொண்ணூற்றெட்டுப் பேரும் வேறு தொழிலை நாடவேண்டியவர். அவ்வேளையிற் கையிலுள்ள பட்டமே அவர்களுக்கு ஊன்றுகோலாகிறது.

அந்த ஏணி குறையற்றது என்று கொள்ளுதலும் தவறு. பல்கலைக்கழகங்கள் இவ்வாட்டத்தாற் பெரும் பொருள் ஈட்ட, ஆடிய மாணவர்க்கு நெடுங்காலம் கல்விச் செலவன்றி வேறு ஊதியம் கிட்டவில்லை. 2021 இலேதான் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு வருவாய் பெற அவர்கள் அனுமதிக்கப்பட்டனர். தலையிற் பட்ட தொடர் மோதல்களால் மூளை நோயுற்ற முன்னாள் வீரர் பலர் வழக்குத் தொடுத்ததன் விளைவாக, 2013 இல் தொழில்முறைச் சங்கம் 76 கோடியே 50 இலட்சம் டொலர் வழங்க இணங்கியது. உடலே முதலாகக் கொண்ட தொழிலில் முதல் குன்றுவதும் விரைவிலேயே என்பதற்கு இது சான்று. கபடியிலும் முழங்கால், தோள், கணுக்கால் ஆகியன அடிக்கடி ஊறுபடும் உறுப்புகள்.

அமெரிக்கக் காற்பந்து இலங்கை மண்ணையும் ஒருமுறை தொட்டுச் சென்றது. இந்திய உபகண்டத்தில் அதனைப் பரப்பக் கருதி, எலிட் புட்போல் லீக் ஒவ் இந்தியா என்ற தொடர் 2011 இல் அறிவிக்கப்பட்டது. பிராண்டன் சில்லரும் அதிற் பணம் ஈடுபடுத்தியோருள் ஒருவர். கொழும்பின் பெயர் தாங்கிய அணியும் அதில் இருந்தது. 2012 இல் முதற் பருவ ஆட்டங்கள் கொழும்பு நகரிலேயே நடைபெற்றன. ஆனால் அது வேரூன்றவில்லை. அவ்வாட்டத்தை எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. எந்த ஊர்ச் சிறுவரும் மாலையில் ஆடவில்லை. உச்சிப்படியை மட்டும் வானத்தில் நிறுத்தினால் அதில் ஏற ஆளேது? புரோ கபடி நிலைபெற்றமைக்குக் காரணம் வேறு. தொலைக்காட்சி வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னரே ஊர்தோறும் மணலிற் கோடு கீறப்பட்டிருந்தது.

இனி, அமிர்தகழி போன்ற ஊரின் மாணவனுக்கு எதிரே உள்ள ஏணியைக் காண்போம். கீழ்ப்படிகள் இங்கே இருக்கின்றன. பாடசாலைகளுக்கிடையிலான போட்டிகள் வலய மட்டத்திலும், மாகாண மட்டத்திலும், அகில இலங்கை மட்டத்திலும் நடைபெறுகின்றன. கபடியும் அவற்றில் ஒன்று. கிழக்கு மாகாண வீரர்கள் இலங்கைத் தேசிய அணியில் இடம்பெற்றுள்ளனர். முப்படைகளும் காவல் துறையும் தத்தம் விளையாட்டு அணிகளை நடத்துகின்றன. உயர்தரப் பரீட்சையில் தகைமை பெற்று, விளையாட்டிலும் தேசிய அளவிற் சிறந்து விளங்குவோர்க்குப் பல்கலைக்கழகங்களிற் சிறப்பு அனுமதி வழியும் உண்டு. சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமே பட்டக் கற்கையாக உள்ளது. உடற்கல்வி ஆசிரியர், பயிற்றுநர், நடுவர், காயங்களுக்கு உடலியக்கச் சிகிச்சை அளிப்போர் என விளையாட்டைச் சார்ந்த தொழில்களும் பல. ஆனால் இவற்றுட் பெரும்பாலான வாயில்களின் திறவுகோல் பரீட்சைச் சான்றிதழே. களத்தின் பொருட்டு வகுப்பை விட்ட மாணவன், தான் ஏறவேண்டிய ஏணியையே எட்டி உதைத்தவனாவான்.

இடைப்படிகளிலேதான் குறை. மணலிற் பழகிய கால், மாகாணப் போட்டியில் விரிக்கப்படும் மெத்தைத் தளத்தில் முதல் நாளிலே தடுமாறும். மணல் காலை உள்வாங்கித் தாங்கும்; மெத்தையில் காலணி பற்றிக்கொள்ள, முழங்கால் மாத்திரம் திரும்பி முறுக்குண்ணும். ஆகவே, பிடிக்கக் கற்பிக்குமுன் விழக் கற்பித்தல் வேண்டும். பாடசாலைக்கொரு மெத்தை இயலாதாயினும், அயற் பாடசாலைகள் பல சேர்ந்து ஒன்றைப் பெற்றுப் பங்கிட்டுக்கொள்ளுதல் இயலும். பருவத்துக்குப் பருவம் ஒவ்வொரு மாணவனும் ஆடிய ஆட்டங்களையும், பிடித்த பிடிகளையும், பட்ட காயங்களையும் குறித்துவைத்தால், தெரிவாளர் முன் காட்டுதற்கு ஊர்ப்பெருமையினும் உறுதியான சான்று அவன் கையில் இருக்கும். பயிற்சி நேரமும் வகுப்பு நேரமும் முட்டிக்கொள்ளாதவாறு அட்டவணை அமைத்தல் அதிபரின் பொறுப்பு. பரீட்சைப் புள்ளி தாழ்ந்த மாணவனை அணியிலிருந்து விலக்கிவிடுதலோடு நில்லாது, அவன் மீண்டும் அணிக்கு வரும்படி பாடத்தில் உதவுதல் ஆசிரியரின் பொறுப்பு. அமெரிக்க முறையிற் கொள்ளத்தக்கது இதுவே: களமும் வகுப்பும் ஒரே வளவில் இருக்கின்றன, ஒன்றை விட்டு மற்றொன்றைப் பெற இயலாது என்பதை மாணவன் நாள்தோறும் காண்கிறான்.

பெண்பிள்ளைகளையும் இவ்விடத்து மறத்தலாகாது. 2010 இல் குவாங்சோ ஆசிய விளையாட்டு விழா முதல் மகளிர் கபடியும் அவ்விழாவில் இடம்பெற்று வருகிறது. மகளிர் களம் 12 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் உடையது. அளவு சிறிதாயினும், காலை நோக்கும் கல்வியும் காத்திருக்கும் பொறுமையும் இருபாலார்க்கும் ஒன்றே. மாகாண அணிக்குரிய பிடி ஒரு மாணவியின் கையிலும் இருக்கலாம். அவள் பெற்றோர் எழுப்பும் வினாக்கள் இன்னும் மிகுதியானவை. அவற்றுக்கும் பாடசாலையே விடையளிக்கவேண்டும்.

ஆக, "விளையாட்டுச் சோறு போடுமா?" என்னும் வினாவுக்கு உண்மையான விடை இதுவே. ஏலத்திற் கோடி பெறுதல் ஆயிரத்தில் ஒருவர்க்கும் அரிது. ஓர் உத்தியோகத்துக்கோ பல்கலைக்கழக அனுமதிக்கோ விளையாட்டு துணையாதல், படிப்பைக் கைவிடாத பலர்க்குக் கூடும். உடல்நலமும், கூடி உழைக்கும் பழக்கமும், தோல்வியைத் தாங்கும் மனமும் ஆடிய அனைவர்க்கும் உண்டு. இம்மூன்றையும் தனித்தனியே பெற்றோர்க்கு எடுத்துரைத்தால் அவர்கள் வீணே அஞ்சமாட்டார்கள். மாணவனும் வீணே மயங்கமாட்டான்.

சேரலாதன் தமது 39 ஆம் வயதிலேதான் தொழில்முறைக் களத்தைக் கண்டார் என்பதை அந்த மாணவன் நினைவிற் கொள்வானாக. பதினாறு வயதிற் படிப்பை விட்டு ஓடவேண்டிய அவசரம் எதுவும் பிடிவீரர்க்கு இல்லை. மாலையில் மணற்களத்தின் ஓரத்திலே, பாடி வருபவனின் காலை நோக்கியபடி அவன் நிற்கட்டும். இருட்டியதும் காலிலுள்ள மணலைக் கழுவிவிட்டு, விளக்கின் முன் பாடப் புத்தகத்தையும் விரிக்கட்டும்.